வலியை எடுக்காத முருகன்

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், கந்த சஷ்டி முடிந்த மறுநாள் காலை, திருக்கல்யாணம் ஆன கையோடு மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "என் வலியை முருகன் எடுத்துவிட்டான்" என்று உங்கள் எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே சொன்னவள் நான்தான். நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் என் காலைத் தொடக்கூட வந்தீர்கள். அன்று நான் சொன்னது தப்பு. பொய் இல்லை, அவசரம். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நம் கிருத்திகைக் கூட்டத்தில் எழுந்து பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். எழுத்தில் அழுதால் யாருக்கும் தெரியாது.

வலி அந்த வருஷம் ஆடியிலேயே தொடங்கிவிட்டது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவதுபோல வரும். அங்கிருந்து முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டைக்கு ஏறும். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே தறியில் சேர்ந்து நெய்கிறவர்கள். சேலையின் கரை பிடிக்க ஒருவர், நடு உடம்பு நெய்ய ஒருவர். கை ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கிற தொழிலில் தோள்பட்டை வலிக்காதவர் யார்? தைலம் தேய்த்தேன். வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒருநாள் தறியிலேயே வாந்தி வந்து, தறியில் விரித்த பாவு நூலின் மேல் பட்டுவிடாமல் இருக்க முந்தானையில் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் ஸ்கேன் எடுக்கப் போனோம். பித்தப்பை நிறைய கல். ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிடச் சொன்னார்கள்.

நான் பயந்தேன். கத்திக்குப் பயம். அதைவிட, என் உடம்புக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போடுவார்கள் என்ற நினைப்புக்குப் பயம். சஷ்டி வரட்டும் என்றேன். சின்ன வயசிலிருந்து செவ்வாய்க்கிழமை விரதம், கிருத்திகை விரதம், சஷ்டி விரதம். எனக்கு முருகனிடம் பேசத் தெரிந்த மொழி பசி ஒன்றுதான். சாப்பிடாமல் கேட்டால் கேட்பான். சாப்பிட்டுவிட்டுக் கேட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

இன்னொன்றும் இருந்தது. அதை அப்போது ஒரு நோயாகவே நான் நினைக்கவில்லை. சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அது தலைவலி மாதிரி. நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, பலகையில் உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு மூலம் வரும். எல்லோருக்கும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அதற்கு மருந்தென்று கருணைக்கிழங்கு வாங்கினால் கடைக்காரருக்கே புரிந்துவிடும். நானும் கிழங்கு வாங்கிச் சமைத்தேன்.

சஷ்டி வந்தது. பகல் முழுக்கத் தண்ணீர், மாலையில் ஒரு டம்ளர் பால். அதுதான் சாப்பாடு. "வலியை எடு. வேறெதுவும் வேண்டாம். இந்த வலியை மட்டும் எடு." ஈரப் புடவையோடு பிரகாரம் சுற்றும்போது இதையேதான் சொன்னேன். முதல் நாள் வலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சூரசம்ஹாரத்தன்று கூட்டத்தில் நெரிபட்டு நின்றபோது விலாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மழை விட்ட பிறகு கிடக்கிற தெரு மாதிரி அமைதியாக இருந்தது. உள்ளே நெய்யும் எண்ணெயும் போகாததால் பித்தப்பைக்கு வேலை இல்லை, அதனால்தான் அமைதி என்று எனக்கு யார் சொல்வார்கள்?

மறுநாள் மைக்கைப் பிடித்தேன். பேசி முடித்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். விரதம் முடிந்த வயிற்றுக்கு முதல் சாப்பாடு, நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கலும் வடையும். முருகன் பிரசாதம். இன்னொரு கரண்டி போடச் சொல்லிக் கேட்டே வாங்கினேன்.

இலையை மூடுவதற்குள் வந்துவிட்டது. இதுவரை வந்த வலியெல்லாம் ஒத்திகை என்பதுபோல ஒரு வலி. மண்டபத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சற்றுமுன் என் காலைத் தொட வந்தவர்கள் இப்போது என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆட்டோவில் என் ஓரகத்தி தனலட்சுமி அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, கூட வந்தார். அவருக்கு நாக்கு நீளம், மனசு அதைவிட நீளம்.

"முருகனுக்கு ஒரு மணி நேரமாவது டைம் குட்த்து இருக்கலாம் இல்ல? வலி எறங்கினதும் மைக்க புடிச்சிக்கினியே."

"அக்கா, செத்துடுவேன்போல இருக்குதுக்கா."

"சாவற மூஞ்சி இப்டியா இருக்கும்? வாயில இன்னும் முந்திரி இருக்குது. துப்பு மொதல்ல."

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். காய்ச்சலும் இருந்தது, பித்தப்பை வீங்கிப்போயிருந்தது. பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், தென்னேரிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஏரித் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே என் உடம்பைப் பற்றியும் பேசுவார். மறுநாள் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது.

"கல்ல அப்புறம் பாப்போம். உங்க உடம்புல ரத்தமே இல்லையேம்மா. எங்க போச்சு?"

"விரதம் இருந்தேன் டாக்டர்."

"விரதம் இருந்தா எளைப்பாங்க. ரத்தம் எப்டி காணாம போவும்? மாசாமாசம் அதிகமா போவுதா?"

"அது நின்னு வருஷமாச்சுங்க."

"அப்ப வேற எங்கியாவது போவுதா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். இதை எப்படிச் சொல்வது? அக்கா பொறுக்கவில்லை.

"இவளுக்கு மூலம் இருக்குது டாக்டரம்மா. எங்க தெருவுல யாருக்குத்தான் இல்ல? எனக்கும்தான் இருக்குது. அதெல்லாம் ஒரு கணக்கா?"

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன கலர்ல போவுது?"

"அரக்கு," என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். நிறத்தைக் கேட்டால் நிறத்தைச் சொல்கிறவள் நான்.

"அரக்கா? சிவப்பு இல்லியே?"

"செவப்பு வேற, அரக்கு வேறங்க. கொஞ்சம் கறுப்பு சேர்ந்த செவப்பு."

"மேல தனியா தெரியுதா, கலந்து வருதா?"

"கலந்துதான்."

அவர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மூலம்னா ரத்தம் பளிச்சுன்னு இருக்கும்மா. தனியா சொட்டும், தனியா தெரியும். கறுத்து, கலந்து வந்தா அது இன்னும் உள்ளாற இருந்து வருதுன்னு அர்த்தம். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும். பாக்காம நான் கத்திய எடுக்க மாட்டேன்."

இத்தனை மாதம் அந்த நிறத்தைத் தினமும் பார்த்தேன். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தேன். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேமரா பரிசோதனைக்கு முந்தின நாள் குடலைக் கழுவ வேண்டும். இளநீர், வடிகட்டின கஞ்சித் தண்ணீர், பிறகு உப்பும் கசப்புமாக ஒரு மருந்து, ஜாடி ஜாடியாக. நான் இருந்த விரதங்களில் அதுதான் கடினமானது. அதற்குப் பலன் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

வலது பக்கம், பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், ஒரு கட்டி.

டாக்டர் அந்தச் சொல்லைச் சுற்றி வளைக்கவில்லை. "புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. சதையை டெஸ்டுக்கு அனுப்பி இருக்குறேன்" என்றார். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தவர், நாற்காலி எங்கே என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். சாயங்காலம் என் காலடியில் இருந்த போர்வையை எடுத்து மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

டெஸ்டிலும் அதுதான் என்று வந்தது. பித்தப்பையையும் குடலின் அந்தப் பகுதியையும் ஒரே ஆபரேஷனில் எடுப்பது என்று முடிவானது. கிண்ணத்தைப் பற்றிய என் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு கிண்ணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைக் கேட்டேன். "கல்லாலதான் இது வந்துச்சா?"

"தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்," என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து, பொறுமையாகச் சொன்னார். "நம்ம குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்குது. முக்காவாசி நல்லதுங்க. நமக்கு வேல செய்யிதுங்க. பித்தநீர் சாப்பாடு வர்றப்ப மட்டும் எறங்கணும். பை கெட்டுப்போனா, நேரங்காலம் இல்லாம சொட்டிக்கினே இருக்கும். அத அந்தக் கிருமிங்க வேற ஒரு காரமான பொருளா மாத்திடுது. வருஷக்கணக்குல அது குடலோட சுவத்த புண்ணாக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. வலது பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கலாம்னும் சொல்றாங்க. ஆனா உறுதியா யாரும் சொல்லல. கல் இருக்கறவங்க எல்லாருக்கும் இது வராது. ரொம்ப ரொம்பக் கொஞ்ச பேருக்குத்தான்."

"பைய எடுத்துட்டா அப்பவும் சொட்டிக்கினுதானே இருக்கும்?"

"இருக்கும். நல்லாக் கேக்குறீங்க. அதுக்காக வீங்கின பைய வெச்சிக்கினு இருக்க முடியுமா? எடுத்துட்டு, நேரத்துக்கு சாப்டுங்க, கீரை, கேழ்வரகு, பயிறுன்னு நார் இருக்கறதா சாப்டுங்க. அந்தக் கிருமிங்களுக்குப் புடிச்ச சாப்பாடு அதுதான். அப்பப்ப வந்து காட்டிக்கோங்க. அவ்ளோதான்."

கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டேன். "விரதம் இருந்ததாலதான் கல்லு வந்துச்சா டாக்டர்?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ரொம்ப நேரம் சாப்டாம இருந்தா பித்தநீர் தேங்கிக் கெட்டியாவும்."

"முருகனுக்குத்தானே இருந்தேன்?"

"பட்டினி கெடன்னு முருகனா வந்து சொன்னாரு?" என்று சிரித்தார். அவர் நெற்றியிலும் விபூதி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

அன்று படுத்துக்கொண்டே யோசித்தேன். எனக்குள்ளே ஒரு ஊரே குடியிருக்கிறதாம். நான் விரதம் இருந்தபோதெல்லாம் அந்த ஊரையும் சேர்த்துப் பட்டினி போட்டிருக்கிறேன். ஒருவரையும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்ததை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோய் குடலோடு நின்றதா, பக்கத்தில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்விட்டதா என்று அதில்தான் தெரியும். அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. எதிர்க் கட்டிலில் வாலாஜாபாத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், அதே காத்திருப்பு. பகலெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்னைவிட அதிகம் வேண்டியவர்.

கார்த்திகை தீபம் வந்தது. கிருத்திகை. எனக்கு விவரம் தெரிந்து நான் வாயில் எதையும் வைக்காத நாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மதில்மேல் அகல் வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு கிண்ணத்தில் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தார்.

"இன்னிக்கு வேணாம்க்கா. கிருத்திகை."

"தெரியும். வாயத் தெற."

"ரிசல்ட் வரலக்கா. இன்னிக்காவது இருந்து கேட்டுக்குறேனே. கெஞ்சிக் கேக்குறேன்."

அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். "இன்னும் இன்னாத்த குடுக்கப் போற செல்வி? கொடல குட்த்துட்ட. பித்தப்பைய குட்த்துட்ட. ரத்தம் போயிடுச்சி. அவன் இன்னா கடன்காரனா, வாசல்ல நின்னு வட்டி கேக்கறதுக்கு? சோறு துன்னுட்டு கேளு. அப்பவும் காது கேக்கும் அவனுக்கு."

வாயைத் திறந்தேன். சாதம் உள்ளே போனது. மிளகும் சீரகமும் நாக்கில் பட்டன. வாய் நிறைய வைத்துக்கொண்டு "முருகா" என்றேன். சொல் சரியாகக்கூட வரவில்லை. கையில் கொடுக்க ஒன்றும் இல்லை, பசிகூட இல்லை. கேட்கவும் எதுவும் தோன்றவில்லை. வலியை எடு என்று இல்லை, நோயை எடு என்று இல்லை. வெறும் பெயர். சின்னப் பிள்ளை கூப்பிடுவதுபோல. அப்போது எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அதை நான் விளக்கப்போவதில்லை. அன்று வந்த தூக்கம் அதற்கு முன் பல மாதமாக வராத தூக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வாரமே முடிவு வந்தது. கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை. முடிச்சுகள் எல்லாம் சுத்தம். மருந்து ஏற்ற வேண்டியதில்லை, பரிசோதனைக்கு மட்டும் ஒழுங்காக வந்தால் போதும்.

"ரொம்ப சீக்கிரம் கண்டுபுடிச்சிட்டோம்," என்றார் டாக்டர். "இந்தக் கட்டி பொதுவா வலிக்காதும்மா. வலிக்கிற வரைக்கும் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும். உங்கள இங்க கொண்டாந்தது அந்தக் கல்லு வலிதான்."

நான் படுக்கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரப் புடவையோடு பிரகாரத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். அந்த வலியை எடு என்று. எடுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். தறியில் உட்கார்ந்திருப்பேன். கருணைக்கிழங்கு வாங்கியிருப்பேன். உள்ளே அது சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். நான் கேட்டதை முருகன் தரவில்லை. தராமல்தான் என்னைக் காப்பாற்றினான். மைக்கில் அன்று நான் நன்றி சொன்னது அவன் செய்யாத காரியத்துக்கு. அவன் செய்த காரியம் பந்தியில், நெய்ப் பொங்கலில், தூணைக் கட்டிக்கொண்டு நான் கதறியபோது நடந்தது.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாலாஜாபாத் அம்மாவுக்கு முடிச்சுகளுக்குப் போயிருந்தது. அவர் இன்னும் மருந்து ஏற்றிக்கொண்டு இருக்கிறார். போனில் பேசினால் சிரிக்கிறார், குரல் மட்டும் மெலிந்துவிட்டது. அவர் வேண்டியதில் என்ன குறை? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உங்களிடம் நடிக்க மாட்டேன். கிருத்திகை விளக்கில் ஒரு திரி அவருக்கு.

ஒரு வருஷம் கழித்துத் திரும்பக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சுத்தம். போன சஷ்டிக்கு மூன்று வேளையும் சாப்பிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரையும் பயறும், இரவு இட்லி. சாப்பிட்ட வாயோடு பிரகாரம் சுற்றினேன். முதல் சுற்றில் கூச்சமாக இருந்தது. பிறகு இல்லை. உங்களில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தது தெரியும். உங்கள் விரதத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடம்பு தாங்கினால் இருங்கள், முதலில் டாக்டரைக் கேளுங்கள். முருகனிடம் எதையும் ஒளிக்காத நீங்கள், டாக்டரிடமும் ஒளிக்காதீர்கள். ரத்தம் போனால் அது மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். ஆனால் அதை நம் தெரு முடிவு செய்யக் கூடாது. பார்த்தவர் சொல்ல வேண்டும்.

இதை நம் கிருத்திகைக் கூட்டத்துப் பெண்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டேன். சிலர் போய்க் காட்டிக்கொண்டார்கள். தனலட்சுமி அக்கா போனார். அவருக்கு நிஜமாகவே மூலம்தான். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆண்கள்தான் சிரித்துக்கொண்டே நழுவுகிறார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். "உனக்கு முருகன் வந்து சொன்னான், எனக்கு பிரம்மா வந்து சொல்லட்டும், அப்புறம் போறேன்" என்பார்.

போன வாரம் ஒரு மத்தியானம் நெய்துகொண்டிருந்தோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கை நிற்கவில்லை, அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"செல்வி."

"இன்னா?"

"எனக்கும் கொஞ்ச நாளா போய்க்கினுதான் இருக்குது."

தறி நின்றது. நான்தான் நிறுத்தினேன். "எவ்ளோ நாளா?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப இருந்தே. அப்ப எப்டி சொல்றது, சொல்லு? அப்புறம் நீ நல்லா ஆயிட்ட. சொல்லி உன்ன திரும்ப பயமுறுத்தணுமான்னு..."

நான் திட்டவில்லை. எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என்ன வரும் என்று தெரியாது. எது வந்தாலும் அதற்குள் அவன் இருப்பான் என்பது மட்டும் தெரியும். வலியாகவோ, ஆட்டோவில் கூட வரும் நாக்கு நீண்ட ஒரு மனுஷியாகவோ.

நாளைக் காலை அவருக்குக் கேமரா பரிசோதனை. இன்று அவருக்கு இளநீரும் கஞ்சித் தண்ணீரும்தான். அந்தக் கசப்பு மருந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார், ஒவ்வொரு டம்ளருக்கும் என்னை முறைக்கிறார். அவருக்காக நீங்கள் ஒரு வார்த்தை முருகனிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கவும்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் அவர் பெயரைச் சொல்லி யாரும் பட்டினி இருக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள்.